சாயாத சிம்னி

"கையில போன் இருக்கும்போது மரப்பெட்டி கேமரா, கறுப்புத் துணி எல்லாம் எதுக்குடா? சும்மா சீன்!" போன வாரம் ஹாஸ்டல்ல நண்பன் கேட்டான். அப்போ பதில் வரல. இப்போ சொல்றேன்.

நெய்வேலி பசங்களா, முதல் அனல்மின் நிலையம் ஞாபகம் இருக்கா? 1962-ல ரஷ்ய உதவியோட ஓட ஆரம்பிச்சது. 2020-ல நிறுத்திட்டாங்க. சின்ன வயசுலேர்ந்து பார்த்த இடம். என்கிட்ட அதோட போட்டோ நாற்பது இருக்கு. எல்லாம் போன்ல அவசரமா எடுத்தது. எல்லாத்துலயும் சிம்னி பின்னாடி சாஞ்சு விழற மாதிரி நிக்குது.

காரணம், கேமராவை மேல தூக்கிப் பிடிச்சதுதான். லார்ஜ் ஃபார்மட்ல தூக்கவே வேண்டாம். பெட்டியை நேரா வெச்சு, லென்ஸ் பலகையை மட்டும் மேல நகர்த்தினா போதும், சிம்னி நிமிர்ந்து நிக்கும். 4-க்கு 5 அங்குல நெகட்டிவ், 35 மி.மீ. ஃபிரேமைவிடப் பத்து மடங்குக்கும் மேல பெரிசு. ஓரத்துல சைக்கிளோட நிக்கறவர் முகம்கூட பெரிசு பண்ணினா தெரியும். கறுப்பு வெள்ளைன்னா வீட்டு பாத்ரூம்லயே கழுவிடலாம்.

இது புதுசும் இல்ல. லின்னேயஸ் ட்ரைப்னு ஒருத்தர், மதராஸ் அரசாங்கத்தோட போட்டோகிராஃபர். 1858-ல தஞ்சை பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பெரிய காகித நெகட்டிவ்ல எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அழகுக்காக மட்டும் இல்ல, பதிவுக்காக.

செலவு? உண்மைதான். ஊட்டியில 'இந்து' ஃபிலிம் செஞ்ச காலம் போச்சு, இப்போ வெளிநாட்டுச் சரக்குதான். சீனியர் ஒருத்தர் கேமராவுல மூணு ஷீட் எடுத்துப் பார்த்தேன். ஒண்ணைத் திருப்பிப் போட்டுப் பாழாக்கினேன். மெஸ் பில் கண்ணு முன்னாடி வந்துச்சு :) ஆனா கண்ணாடித் திரையில தலைகீழா தெரியற சிம்னியை அரைமணி நேரம் பார்த்துட்டே இருந்தேன். இருபது வருஷத்துல அதை அப்படிப் பார்த்ததே இல்ல.

டீ கிளாஸை ஃபிலிம்ல எடுத்து 'வின்டேஜ்'னு போடறது சீன்தான். அதுல நண்பன் சொன்னது சரி. கல்யாணத்துக்கும் டூருக்கும் போனே போதும். ஆனா சுரங்கம் நகர நகர ஊர்களே இடம் மாறற மண் இது. நாளைக்கு இருக்காதுன்னு தெரிஞ்ச ஒண்ணை எடுக்கும்போதாவது அரைமணி நேரம் நின்னு எடுக்கணும்.

உங்க தெருவுல அப்படி எது இருக்கு? சொல்லுங்க, மிச்ச ஷீட்டை எடுத்துட்டு வர்றேன்.