ஓய்வுநாளில் ஓய்வில்லாதார்

ஏழு நாளில் ஒருநாள் ஓய்ந்திருத்தல் மறைநூல் வகுத்த முறை. அம்முறையை மக்கட்கு எடுத்தோதும் சபைக்குருமார் தாமே அதனைப் பெறாதிருத்தல் நம்மிடையே பெருவழக்கு. ஞாயிற்றுக்கிழமை ஏனையோர்க்கு விடுமுறை. அவர்க்கோ அதுவே பெரும்பணி நாள். அதற்கு ஈடாக அவர்க்கு வேறொரு நாள் உண்டோ என வினவுவார் மிகச் சிலரே. இதுபற்றி நம் கருத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

சென்னைக்கு வடக்கேயுள்ள மீஞ்சூர்ப் பகுதியை நோக்குவோம். அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல்மின் நிலையங்கள். எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள். காட்டுப்பள்ளியிலேயே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. இவை இரவென்றும் பகலென்றும் பாரா. ஆதலின் இங்கு வாழ்வோர் பலர் முறைமாறி வேலை செய்வோராவர். காலைமுறைக்குச் செல்வாரை மாலையிலும், இரவுமுறைக்குச் செல்வாரைப் பகலிலுமே வீட்டிற் காணவியலும். தொழிலாளி தன் முறை முடிந்ததும் இல்லந் திரும்புகிறார். மூன்று முறையார்க்கும் பொதுவாய் நிற்கும் போதகர்க்கோ முறைமுடிவு என்பதொன்றில்லை. நள்ளிரவில் மரணச் செய்தி வரும். விடியலில் மருத்துவமனைக்குச் செல்ல அழைப்பு வரும். அன்று மாலையே திருமண ஓலை வாசிக்க வேண்டும்.

வடசென்னைத் தொழிலாளர்க்கும் ஓய்வு எளிதிற் கிட்டியதன்று. 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய காலை, நண்பகலுணவுக்கு விடும் இடைவேளை மிகக் குறுகியது என்பது ஆலைத்தொழிலாளரின் முதன்மையான குறைகளுள் ஒன்றாயிருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வாரத்திற்கு 48 மணிநேரமே வேலையென எல்லை கட்டி, வார விடுமுறையையும் உறுதி செய்தது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேர வேலைக்கு இடந்தரும் திருத்தம் 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது எழுந்த எதிர்ப்பால் அது திரும்பப் பெறப்பட்டதை யாவரும் அறிவர். அவ்வெதிர்ப்பை நியாயமெனக் கொண்ட சபையார், தம் போதகர் எத்துணை மணிநேரம் உழைக்கிறார் என எண்ணிப் பார்த்ததுண்டோ?

‘ஊழியம் தெய்வ அழைப்பு, கூலிவேலையன்று, அதற்கு மணிக்கணக்கு எதற்கு?’ என்பாருமுளர். இக்கூற்றில் உண்மையில்லாமலில்லை. சாகக்கிடப்பவர் தம் குருவின் வேலைநேரத்தைக் கேட்டு உயிர்விடுவதில்லை. எனினும், அழைப்புப் பெற்றவர்க்கு உடலும் உள்ளமும் இரும்பாலாயின அல்ல. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ்ச் சோர்ந்து கிடந்தபோது அவருக்கு முதலில் அளிக்கப்பட்டவை உறக்கமும் உணவுமே. கட்டளை பின்னரே வந்தது. மோசே தனித்து நியாயம் விசாரித்தலைக் கண்ட அவர் மாமனார் எத்திரோ, பாரத்தைப் பலரோடு பகிருமாறு அறிவுறுத்தினார். ஓய்வு அழைப்பிற்குப் பகையன்று. அதனைத் தாங்கும் தூண்.

நிற்க. பிற சபையார் இதனை விதியாகவே அமைத்துள்ளனர். 1983ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம், பங்குக்குரு ஆண்டுக்கு ஒரு மாதம்வரை விடுமுறை கொள்ள இடமளிக்கிறது. ஆண்டுத் தியானத்தில் கழிக்கும் நாட்கள் அதிற் சேரா. இங்கிலாந்துத் திருச்சபையின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், எந்த ஏழு நாளிலும் 24 மணிநேரத்திற்குக் குறையாத இடையறா ஓய்வும், ஆண்டுக்கு 36 நாள் விடுமுறையும் வகுத்துள்ளன. அவ்வொழுங்குமுறைகள் குருமாரைக் கூலியாளராகக் கருதவில்லை. பதவி வகிப்போர் என்றே கூறுகின்றன. ஆகவே, கூலியாளர் அல்லாதார்க்கு ஓய்வு வகுத்தல் இயலாதென்பது பொருந்தாது.

நாம் வேண்டுவன பெரியவையல்ல. வாரத்தில் ஒருநாளைப் போதகரின் ஓய்வுநாளெனச் சபை குறித்து, ஆராதனையில் அறிவித்தல் வேண்டும். அந்நாளில் சாவு முதலிய அவசரங்கள் நேரின், அயற்சபைப் போதகர் ஒருவர் செல்லுமாறு முன்னரே ஏற்பாடு செய்தல் வேண்டும்; இவர் அவருடைய நாளில் அதனைத் திருப்பிச் செய்வார். கணக்கெழுதுதல், கட்டடம் பழுதுபார்த்தல், வழக்குமன்றம் செல்லுதல் ஆகியவற்றை மூப்பரும் செயலரும் ஏற்றுக்கொள்ளலாம். போதகரின் மனைவியாரைச் சம்பளமில்லா உதவியாளராய்க் கருதும் வழக்கமும் ஒழிதல் நன்று. ஓய்வுநாளன்று அவ்வில்லத்தின் கதவைத் தட்டுமுன், ‘இது நாளைக்குப் பொறாதா?’ என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ளட்டும்.

போதகர்க்கும் ஒன்று கூறுவோம். ஓய்வு கொள்ளுதலை நாணத்தக்கதாய் அவர் கருதலாகாது. தாம் இன்றேல் சபை ஒருநாளும் நடவாதென எண்ணுதல் பக்திபோல் தோன்றினும் பக்தியன்று. சோர்ந்த குருவின் வாயில் ஆறுதல் மொழியும் வெறுஞ்சொல்லாகிவிடும். அதனால் முதலில் இழப்பெய்துவோர் சபையாரே.