கடல் கொண்டது ஊர். கறையான் கொண்டது ஏடு!

பூம்புகாரில் 1973-இல் எழுந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைக் காட்ட மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தோம். கல்லிலே கண்ணகியைக் கண்டனர். காவிரி கடலோடு கலக்கும் இடத்தைக் கண்டனர். திரும்பும் வேளையிலே சிறுவன் ஒருவன் கேட்டான்: “ஐயா, ஊரைக் கடல் கொண்டு போயிற்று என்கிறீர்கள். கதை மட்டும் எப்படித் தப்பிற்று?”

நல்ல கேள்வி! பட்டம் பெற்ற நமக்குத் தோன்றாத கேள்வி.

ஓலையிலே தப்பிற்று, தோழர்களே! நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் ஓர் ஓலைச்சுவடி இருநூறு, முந்நூறு ஆண்டு நிலைத்தால் அதுவே பெரிது. பழைய ஏடு மடிவதற்குள் எவரோ ஒருவர் எழுத்தாணி பிடித்துப் புதிய ஏட்டிலே படியெடுத்தார். அவர் பேரனுக்குப் பின் வேறொருவர் எடுத்தார். அந்தச் சங்கிலி அறாமல் வந்ததால்தான், 1892-இல் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை உரையோடு ஆராய்ந்து அச்சேற்ற முடிந்தது. சங்கிலி அறுந்த நூல்கள் எத்தனை? பெயர் மட்டும் எஞ்சி, பாட்டு மறைந்தவை எத்தனை? அவற்றைக் கடலா கொண்டது?

அறுத்தவர் யார் என்பதைப் பழமையின் வாயாலேயே கேட்போம். தேவார ஏடுகள் தில்லையிலே ஓர் அறைக்குள் பூட்டிக் கிடந்தனவாம். பாடிய மூவரும் நேரில் வந்தால்தான் கதவு திறக்குமாம். மன்னன் மூவர் சிலைகளையும் கொண்டுவந்து நிறுத்தித் திறக்கச் செய்தானாம். உள்ளே பார்த்தால் கறையான் புற்று! எஞ்சியது சிறுபகுதி. இது நாம் கட்டிய கதையன்று. திருமுறை கண்ட புராணம் சொல்லும் கதை. பக்தர்கள் இதிலே இறைவன் திருவருளைக் காண்கின்றனர். நாம் காண்பது ஒரு பூட்டு. செத்தவர் வந்தால்தான் திறப்போம் என்று சொன்னவர்களின் கையில் சாவி இருந்தது. கறையானுக்கோ சாவி தேவைப்படவில்லை!

கதை வேண்டா, கண்டவர் சொல் வேண்டும் என்பீரேல், ஊர் ஊராக ஏடு தேடி அலைந்த உ. வே. சா. எழுதியதைப் படியுங்கள். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலிலே பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத் தீயிலே இட்டுவிட்டதாகக் கேட்டு அவர் உள்ளம் துடித்தார். நெல்லைச் சீமையிலே ஆடிப் பதினெட்டன்று ஏடுகளை ஆற்றிலே விட்ட செய்தியையும் கேட்டார். அழித்தவர்கள் பகைவரல்லர்; புண்ணியம் தேடியவர்கள்! யாழ்ப்பாண நூலகத்தை 1981-ஆம் ஆண்டு மே 31 இரவு வெறியர் கொளுத்தினர். ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. உலகத் தமிழர் கண்ணீர் வடித்தோம்; வடிக்கவேண்டியதே. ஆனால் நம் ஊரிலே தீவட்டி ஏந்திய பகைவன் வரத் தேவையே இருக்கவில்லை. நெய்க்கரண்டி ஏந்திய நம்மவரே போதுமாயிருந்தனர்.

இந்தத் தஞ்சைத் தரணியிலேதான் திருவாவடுதுறை மடத்துச் சாமிநாத தேசிகர் இருந்தார். இலக்கணக் கொத்து எழுதிய புலவர். சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை, பத்துப்பாட்டு, எட்டுத்தொகை ஆகியவற்றைப் படிப்பது வீண்நாள் போக்குவது என்றார் அவர். சைவமல்லாதது படிக்கத் தகாதது. படிக்கத் தகாததைப் படியெடுப்பார் யார்? அதே மடம் பிற்காலத்தில் பல ஏடுகளைக் காத்தது, உ. வே. சா.வுக்குத் துணை நின்றது என்பதையும் மறைக்க மாட்டோம். எனினும், அந்த மடத்திலே பல்லாண்டு பயின்ற அவருக்கே சமணக் காப்பியமான சிந்தாமணியை அறிமுகம் செய்ய, 1880-இல் குடந்தைக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார் தேவைப்பட்டார் அல்லவா?

இனி, சுவடி காத்த பெருமைக்கு உலகெங்கும் பெயர்பெற்ற தஞ்சைச் சரசுவதி மகாலைப் பார்ப்போம். நாயக்கரும் மராட்டியரும் வளர்த்த அந்த நூலகம், 1918 முதல் பொதுமக்கள் சொத்து. அங்கே வடமொழிச் சுவடிகள் ஏறத்தாழ 39,000. தமிழ்ச் சுவடிகள் ஏறத்தாழ 3,500. பர்னல் துரை 1880-இல் அச்சிட்ட பட்டியலும் வடமொழிச் சுவடிகளுக்கே. தமிழ்நாட்டின் நடுவிலே, தமிழ் பத்திலே ஒரு பங்குகூட இல்லை! ஏன்? அரசர் எதை ஆதரித்தாரோ அது அரண்மனையிலே சேர்ந்தது. மக்களின் ஏடு மக்கள் வீட்டிலே கிடந்தது: மருத்துவர் வீட்டுப் பரணிலே, கணக்கர் வீட்டுப் பெட்டியிலே, கூத்தாடும் கலைஞர் குடிசையிலே, திண்ணைப் பள்ளி ஆசிரியரின் பேரன் வீட்டிலே. தம் பாட்டனார் கந்தப்பன், எல்லிஸ் துரையிடம் திருக்குறள் ஏட்டைக் கொடுத்தார் என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதினார். கந்தப்பன் மடாதிபதியல்லர், வெள்ளையர் வீட்டிலே சமையல் பணி செய்தவர். ஒடுக்கப்பட்டோர் வீட்டிலே ஏடு ஏது என்று ஏளனம் பேசுவோர் இதனை எண்ணிப் பார்க்கட்டும்!

ஆகவேதான் கேட்கிறோம்: கணக்கெடுப்பு யார் வீட்டு வாசல்வரை போகிறது? ஒன்றிய அரசு 2003-இல் சுவடிகளுக்கெனத் தேசிய இயக்கம் தொடங்கியது. 2025-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையிலே ‘ஞான பாரதம்’ என்ற பெயரில், ஒரு கோடிக்கு மேற்பட்ட சுவடிகளை அளந்து பதிவு செய்வோம் என்றது. வரவேற்கிறோம். ஆனால் அந்தக் கோடியிலே தமிழுக்கு எத்தனை என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கோயில்களில் ஏடு தேடும் பணியைத் தமிழ்நாட்டு அரசும் மேற்கொண்டது. மகிழ்ச்சி! கோயிலோடு நிற்காமல் குடிசைக்கும் வாருங்கள் என்கிறோம். எடுத்த பட்டியலை, எந்தச் சிற்றூர் ஆசிரியரும் எந்தக் கல்லூரி மாணவியும் கட்டணமின்றிக் காணும்படி வெளியிடுங்கள் என்கிறோம். பூட்டிய அறைக்குப் பதிலாகப் பூட்டிய கணிப்பொறி வந்தால் என்ன மறுமலர்ச்சி?

நம் பாசறையிலேயே ஒரு குரல் எழும். “புராணமும் சோதிடமும் மந்திரமும் நிறைந்த ஏடுகள் நமக்கெதற்கு? போனால் போகட்டும்!” என்று தோழர் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். தோழரே, எரிப்பது அவர்கள் தொழில். படிப்பது நம் தொழில். புராணத்தை மறுக்கப் புராண ஏடு வேண்டும். மருந்தையும் மந்திரத்தையும் பிரித்தறிய மருத்துவ ஏடு வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஏடு என்றால் இலக்கியம் மட்டுமா? நிலக் கணக்கு ஓலையிலே இருக்கிறது. மனிதனை மனிதன் விற்ற ஆளோலையும் இருக்கிறது. அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று 1843-இல் ஆயிற்று. அதற்கு முன் நம் வயற்காட்டிலே உழைத்தவனை என்ன விலைக்கு விற்றனர் என்பதற்குச் சான்று அந்த ஓலை. அது அழிந்தால், “அப்படியொன்றும் நடக்கவேயில்லை” என்று நாளை சொல்வார்கள். நம் பாட்டன்மார் பட்ட பாட்டுக்கு அதுவே சாட்சி. சாட்சியைக் கறையானுக்கு இரையாக்கிவிட்டு வழக்காட முடியுமா?

வேலை கடினமானதன்று. தூசு தட்டி, எலுமிச்சம்புல் எண்ணெய் பூசி, எழுத்துக்கு மை ஏற்றி, வசம்பு வைத்துக் கட்டவேண்டும். நூற்பெயர், ஏட்டின் எண்ணிக்கை, நீள அகலம், தொடக்கம், முடிவு, எழுதியவர், சிதைவு ஆகியவற்றைக் குறிக்கவேண்டும். பிறகு ஒளிப்படம் எடுத்து, மூலத்தை உரியவரிடமோ நூலகத்திலோ பாதுகாக்கவேண்டும். பெரியபுராணத்துக் கடவுளுக்கே மூல ஓலை ஒன்று, படியோலை ஒன்று என வைத்துக்கொள்ளத் தெரிந்திருந்தது. சுந்தரர் கிழித்தது படியோலையைத்தான்! கடவுளுக்கு இருந்த முன்யோசனை அரசுக்கு இருக்கலாகாதா?

படிக்க ஆள் வேண்டும். பழைய ஏட்டிலே மெய்க்குப் புள்ளி இராது. எகர ஒகரங்களிலே குறில் நெடில் வேறுபாடு தெரியாது. பழகினால் வரும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலே ஓலைச்சுவடித் துறை இருக்கிறது. மன்றம் அமைத்துப் பேசப் பயின்ற நம் இளைஞர், ஊருக்கு இருவர் ஏடு படிக்கப் பயிலட்டும். சரசுவதி பூசையன்று கட்டைப் பிரிக்காமல் சந்தனம் அப்பும் வீட்டிற்குச் சென்று, “பிரித்துப் பார்ப்போமா?” என்று பணிவோடு கேட்கட்டும். பறித்துவர வேண்டா, பகைத்துப் பேச வேண்டா. பார்த்து, எழுதி, படம் எடுத்துத் திரும்பினால் போதும்.

கடல் கொண்ட ஊரை மீட்க நம்மால் ஆகாது. கறையான் இன்னும் தின்று தீர்க்காத ஏட்டை மீட்க ஆகும். கதை எப்படித் தப்பிற்று என்று கேட்ட சிறுவனுக்கு, யாரோ படியெடுத்தார்கள் என்று விடை சொன்னோம். அவன் பேரன் அதே கேள்வியைக் கேட்கும் நாளிலே, அந்த யாரோ நாமாக இருக்கவேண்டும். எழுக, இளைஞர்களே! பரணிலே ஏறுங்கள், பெட்டியைத் திறங்கள்!