பாபு பொம்மையும் பத்து மணி நேர வேலையும்

தெலுங்கு பேசும் மக்கள் ஒரு பெண்ணின் அழகைப் புகழும்போது, 'பாபு பொம்மை போல இருக்கிறாள்' என்பார்கள். சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் வாழும் தமிழ் மக்களுக்கும் இத்தொடர் புதிதன்று. ஓர் ஓவியரின் பெயரே பெண்ணழகின் இலக்கணமாகிவிட்டது. இது ரசனை பற்றிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால், பெண்ணின் உழைப்புக்கு என்ன விலை என்ற அரசியல் கேள்வி இதற்குள் இருக்கிறது.

சத்திராஜு லட்சுமிநாராயணா என்னும் பாபு, 1933இல் நரசாபுரத்தில் பிறந்து 2014இல் சென்னையில் மறைந்தவர். பத்திரிகை ஓவியராகவும் கேலிச்சித்திரக்காரராகவும் திரைப்பட இயக்குநராகவும் விளங்கிய அவர், சில கோடுகளிலேயே ஒரு முகத்தை உயிர்பெறச் செய்தார். அவருடைய நகைச்சுவைக்குக் கூர்மை உண்டு. 1993இல் வெளிவந்த 'மிஸ்டர் பெள்ளாம்' திரைப்படத்தில் வேலைக்குச் செல்லும் மனைவியையும் வீட்டைப் பார்க்கும் கணவனையும் காட்டி, ஆண்களின் செருக்கைக் கிண்டல் செய்தார்.

எனினும் மக்கள் மனத்தில் நிலைத்தவள் அந்த மனைவி அல்லள். அகன்ற கண்கள், ஒடிந்துவிடும் இடை, நீண்ட பின்னல், தாழ்ந்த பார்வை ஆகியவற்றைக் கொண்டவளே 'பாபு பொம்மை'. அவள் வேலை செய்தாலும் கோலமிடுவாள், பூத்தொடுப்பாள். அது வியர்க்காத வேலை. கூலி கேட்காத வேலை. இப்படிமத்தைத் தனியொரு ஓவியர் படைத்துவிடவில்லை. 1894இல் ரவிவர்மா தொடங்கிய அச்சகம் தேவியரை மலிவு விலைப் படங்களாக்கி வீடுதோறும் சேர்த்தது. சிவகாசி நாட்காட்டிகள் அதைத் தொடர்ந்தன. உடைமை வர்க்கக் குடும்பத்தின் ஓய்வுள்ள பெண், எல்லாப் பெண்களுக்கும் அளவுகோலாக நிறுத்தப்பட்டாள். ஓவியர் தீட்டிய பலவற்றுள் எது நிலைக்க வேண்டும் என்பதைச் சந்தையும் குடும்ப அமைப்புமே தீர்மானித்தன.

அந்த நீண்ட பின்னலின் மறுபக்கத்தைத் திருமலையில் காணலாம். கல்யாணக்கட்டாவில் நாள்தோறும் பல்லாயிரம் பேர் முடி காணிக்கை செலுத்துகின்றனர். அவர்களுள் ஏராளமானோர் உழைக்கும் வர்க்கப் பெண்கள். அவர்களின் நம்பிக்கை மதிக்கத்தக்கது. காணிக்கைக்குப் பின் நடப்பதோ வணிகம். முடி நீளத்தின்படி தரம் பிரிக்கப்பட்டு ஏலம் விடப்படுகிறது; நீளமான முடிக்கே கூடுதல் விலை. தேவஸ்தானத்துக்கு ஆண்டுதோறும் நூறு கோடி ரூபாய்க்கு மேல் எதிர்பார்க்கப்படும் வருவாய் இது. வெளிநாட்டு அழகுச் சந்தையில் அந்த முடி பொய்முடியாகவும் சவுரியாகவும் விற்பனையாகிறது. பெண்மையின் அடையாளம் எனப் போற்றப்படும் கூந்தல், ஒரு வேளாண் கூலிப் பெண்ணின் தலையிலிருந்து இறங்கியதும் எடையும் நீளமும் கொண்ட சரக்காகிவிடுகிறது.

ஆலையில் அவளுடைய 'பெண்மை'யே சரக்காகிறது. நகரி, புத்தூர் பகுதி விசைத்தறிக் கூடங்களில் நூல் சுற்றும் பெண்ணின் வேலை, தறி ஓட்டுவதற்குத் துணைவேலை என்றே மதிப்பிடப்படுகிறது. சத்தியவேடு அருகே ஸ்ரீசிட்டியில் கைபேசிகளைப் பொருத்தும் வரிசைகளில் பெரும்பாலும் இளம்பெண்களே நிற்கின்றனர். பொறுமை, நுண்விரல், கீழ்ப்படிதல் என்று ஓவியம் பாராட்டும் குணங்களையே முதலாளியும் தேடுகிறார். இவை பிறவிக் குணங்கள் என்று சொல்லிவிட்டால், அவற்றைத் திறனாகக் கணக்கிட்டுக் கூலி தர வேண்டியதில்லை. சங்கம் சேரத் துணிபவளை 'அடக்கமற்றவள்' என்று ஒதுக்குவதும் எளிது.

2025 ஜூனில் ஆந்திர அமைச்சரவை, நாள் வேலை நேர உச்சவரம்பை 9 மணியிலிருந்து 10 மணியாக உயர்த்தவும், பெண்களை இரவுப் பணியில் அமர்த்தவும் வழிசெய்யும் திருத்தங்களுக்கு ஒப்புதல் அளித்தது. இது பெண்களுக்கு அதிகாரமளிப்பது எனப் பெருமை பேசப்பட்டது. பெண்கள் எந்த நேரத்திலும் வேலை செய்யலாகாது என்பது இடதுசாரிகளின் வாதமன்று. சமூக உற்பத்தியில் பங்கேற்பதே பெண் விடுதலையின் முதல் நிபந்தனை என்று 1884இலேயே எங்கெல்ஸ் எழுதினார். ஆனால் பத்து மணி நேரம் ஆலையில் நின்றுவிட்டு வருபவளுக்காக அடுப்பும் வாசல் கோலமும் காத்திருக்கின்றன. வீட்டில் பாபு பொம்மையாகவும் ஆலையில் ஓயாத இயந்திரமாகவும் ஒரே உடல் இருக்க வேண்டும் என்பதே இத்திருத்தத்தின் பொருள்.

இந்தப் படிமம் எதிரியின் முகாமில் மட்டும் இல்லை. இடதுசாரி இயக்கத்தின் சுவரொட்டிகளிலும் மாநாட்டு வளைவுகளிலும் பெண் பெரும்பாலும் குழந்தையை ஏந்திய தாயாகவோ, கொடி பிடித்த ஆணின் பின்னால் நிற்பவளாகவோ வரையப்படுகிறாள். மறைந்த தமிழ் ஓவியர் இளையராஜா, கருநிறக் கிராமப் பெண்களைத் தயக்கமின்றித் தீட்டி, வெள்ளைத் தோலே அழகு என்ற கருத்தை உடைத்தார். அடுத்த அடி அப்பெண்ணின் கைகளை வரைவது.

வேலை நேர உயர்வுக்கு எதிரான பிரச்சாரத்தை அங்கிருந்தே தொடங்கலாம். நகரியின் நூல் சுற்றும் பெண்ணும் ஸ்ரீசிட்டியின் ஆலைத் தொழிலாளியும் சுவரொட்டியின் நடுவில் நிற்கட்டும். அவர்கள் கேட்கும் கூலியும் எட்டு மணி நேரக் கோரிக்கையும் அவர்கள் வாயிலிருந்தே வரட்டும். சங்கக் கூட்டத்தின் நேரமும் அவர்கள் வந்து பேசக்கூடிய நேரமாக இருக்கட்டும். அது நடக்காதவரை, இயக்கத்தின் சுவரிலும் பாபு பொம்மையே நிற்பாள்.