சோதிக்காமலே தோற்ற சாப்பாடு

உடம்புக்கு உலகிலேயே நல்ல சாப்பாடு மத்தியதரைக்கடல் நாடுகளுடையதுதான் என்பது இன்று முடிந்துபோன வழக்காகவே பேசப்படுகிறது. மேற்கு ஆப்பிரிக்கா அந்தப் பேச்சில் வருவதே அபூர்வம். வந்தாலும் ‘வறுமைச் சாப்பாடு’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மாலி, புர்க்கினா ஃபாசோ, வட கானா கிராமங்களின் சாப்பாட்டை வைத்துச் சொல்கிறேன்: இது நியாயமான தீர்ப்பு அல்ல.

‘ஆய்வுகள் நிரூபித்துவிட்டன’ என்பதுதான் முதல் வாதம். உணவு ஆய்வாளர் ஆன்செல் கீஸ் 1958இல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில் இருந்தவை அமெரிக்கா, பின்லாந்து, நெதர்லாந்து, இத்தாலி, யூகோஸ்லாவியா, கிரீஸ், ஜப்பான். ஆப்பிரிக்காவிலிருந்து ஒன்றுகூட இல்லை. பிறகு ஸ்பெயினில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ‘பிரெடிமெட்’ ஆய்வு, ஆலிவ் எண்ணெயோ கொட்டைகளோ சேர்த்த சாப்பாட்டை, கொழுப்பைக் குறைக்கச் சொன்ன சாப்பாட்டோடு ஒப்பிட்டது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை அதில் குறைந்தன. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கிராமங்களின் கம்பங்களி அந்தப் போட்டியில் இறக்கப்படவே இல்லை. இறங்காததைத் தோற்றதாக எப்படி எழுதுவது?

‘அங்கே வெறும் மாவுச்சத்துதானே’ என்பது அடுத்தது. களியை மட்டும் பார்த்துக் குழம்பைப் பார்க்காதவர்கள் சொல்வது இது. புர்க்கினாவில் ‘டோ’ என்கிற கம்பு, சோளக் களியைப் பிய்த்துத் தோய்த்துச் சாப்பிடும் குழம்பில் பெருக்கமரத்து இலைப்பொடி, வெண்டைக்காய், புளிச்சகீரை, நிலக்கடலை விழுது என்று எத்தனையோ சேர்கின்றன. இவற்றோடு சும்பாலா. நெரே மரத்து விதைகளைப் பெண்கள் மணிக்கணக்கில் வேகவைத்து, தேய்த்துத் தோலெடுத்து, மறுபடி வேகவைத்து, மூடிவைத்து இரண்டு மூன்று நாள் புளிக்கவிடுவார்கள். பிறகு இடித்துக் கறுப்பு உருண்டைகளாகப் பிடிப்பார்கள். வாடை கடுமையானது, ஆனால் ஒரு சிறு உருண்டை குழம்புக்கே ருசியும் புரதமும் தந்துவிடும். பயறு என்றால் காராமணி. நாம் சாப்பிடும் காராமணிக்கும் கம்புக்கும் பூர்வீகம் ஆப்பிரிக்கா. வடகிழக்கு மாலியில் சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன்பே கம்பு பயிரானதற்குத் தடயம் இருக்கிறது.

2010இல் வெளியான ஓர் ஆய்வு, புர்க்கினாவின் புல்போன் கிராமத்துப் பிள்ளைகளை இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரத்துப் பிள்ளைகளோடு ஒப்பிட்டது. இரண்டு வயதைத் தாண்டியவர்களில் புல்போன் பிள்ளைகள் நாளொன்றுக்குச் சுமார் 14 கிராம் நார்ச்சத்து சாப்பிட்டார்கள். ஃப்ளோரன்ஸில் 8 கிராம்தான். குடல் பாக்டீரியாக்கள் நாரைச் செரிக்கும்போது உண்டாகி, குடலுக்கு நன்மை செய்யும் அமிலங்களும் புல்போனில்தான் அதிகம். முப்பது பிள்ளைகள்கூட இல்லாத சின்ன ஆய்வு இது. ஃப்ளோரன்ஸ் பிள்ளைகள் சாப்பிட்டதும் பழைய இத்தாலியச் சாப்பாடு அல்ல. அதனால் இதை வைத்து யாருக்கும் பட்டம் கட்ட மாட்டேன். வெறும் மாவு என்ற பேச்சை மறுக்க மட்டும் இது போதும்.

எண்ணெய் விஷயத்தில் எதிர்த்தரப்புக்கு நியாயம் உண்டு. கடலோரப் பகுதிகளின் செம்பனை எண்ணெயில் ஏறக்குறையப் பாதி நிறைகொழுப்பு. ஆலிவில் ஏழில் ஒரு பங்குதான். சுத்திகரிக்காத செம்பனையில் கரோட்டின் நிறைய இருந்தாலும், இதயத்துக்கு ஆலிவே மேல்.

‘அவ்வளவு நல்லதென்றால் ஏன் ஆயுள் குறைவு?’ என்று கேட்பவர்கள் மலேரியாவையும், வயிற்றுப்போக்கில் சாகும் குழந்தைகளையும், பிரசவத்தில் சாகும் தாய்மார்களையும் களியின் கணக்கில் எழுதுகிறார்கள். அறுவடைக்கு முந்தைய மாதங்களில் பசி இருப்பது உண்மை. அது அளவின் குறை. சாப்பாட்டு வகையின் குறையல்ல. மத்தியதரைக்கடலின் கிரீட் தீவும் அப்படித்தான் இருந்தது. 1948இல் ராக்பெல்லர் அறக்கட்டளைக்காக அங்கே ஆய்வு நடந்தபோது, பெரும்பாலான குடும்பத்தினர் தங்கள் சாப்பாடு திருப்தியாக இல்லை என்றே சொன்னார்கள், இறைச்சிக்கு ஏங்கினார்கள். அந்த ஏழைகளின் தட்டுதான் பின்னாளில் உலகத்துக்கே முன்மாதிரியானது. கிரீட்டின் வறுமையைக் கழித்துவிட்டுச் சாப்பாட்டைப் பார்க்க முடிந்தவர்களுக்கு மாலியில் மட்டும் ஏன் அது முடியவில்லை?

‘ஆப்பிரிக்கர்களுக்கு இப்போது ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கூடுகின்றனவே’ என்பார்கள். கூடுவது பெரும்பாலும் நகரங்களில். அங்கே கம்பின் இடத்தில் இறக்குமதி வெள்ளை அரிசி. சும்பாலாவின் இடத்தில் உப்பு மிகுந்த சூப் க்யூப். தான்சானியாவில் 77 ஆண்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2025இல் வெளியானது. கிழக்கு ஆப்பிரிக்காதான், ஆனாலும் கேள்வி இதேதான். ஊர்ச் சாப்பாட்டிலிருந்து மேற்கத்தியச் சாப்பாட்டுக்கு மாறியவர்களுக்கு இரண்டே வாரத்தில் ரத்தத்தில் அழற்சியின் அறிகுறிகள் கூடின. மேற்கத்தியச் சாப்பாட்டிலிருந்து ஊர்ச் சாப்பாட்டுக்கு மாறியவர்களுக்குக் குறைந்தன.