முதல் ஒரு மணி நேரம் குவாரியின் பொறுப்பு

கல்குவாரியில் டீசல் கொட்டிவிட்டால் கை முதலில் தண்ணீர்க் குழாய்க்குத்தான் போகிறது. கழுவிவிட்டால் தரை சுத்தமாகிவிடும். ஆனால் எண்ணெய் ஓடைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். சோப்புத்தூள் போட்டுக் கழுவுவது இன்னும் மோசம். மிதக்கும் டீசலை வழித்தெடுக்கலாம். சோப்பால் நீரோடு கலந்துவிட்டதை எடுக்க முடியாது.

நாமக்கல் மாவட்டத்தில் குண்டனி நாடு போன்ற கொல்லிமலை ஊராட்சிகளில் ஊற்றும் ஓடையும் கிணறும்தான் மக்களுக்கு நீர். மலையின் ஓடைகள் பல ஐயாறாகச் சேர்ந்து, ஆகாய கங்கையில் விழுந்து, புளியஞ்சோலை வழியே திருச்சி மாவட்டத்துக்குள் இறங்குகின்றன. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இங்கே பாக்சைட் வெட்டியது 2008-இல் நின்றது. சாலைக்கும் கட்டடத்துக்கும் பொக்லைனும் கம்ப்ரஸரும் மலையேறுவது நிற்கவில்லை. அவற்றின் பின்னாலேயே டீசல் பேரலும் ஏறுகிறது.

நிலத்தடி நீரில் எண்ணெய் இறங்கினால் என்னவாகும் என்பதை யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் அறியும். அங்கே எண்ணெயில் ஓடிய தனியார் மின் நிலையத்தின் கழிவால் சுற்றுவட்டாரக் கிணறுகள் கெட்டன. அதை நடத்திய நார்தர்ன் பவர் நிறுவனம் 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2019 ஏப்ரலில். அதற்குள் மக்கள் பல ஆண்டுகள் தங்கள் கிணற்றை நம்ப முடியாமல் வாழ்ந்துவிட்டார்கள். சென்னைத் தண்டையார்பேட்டையில் 2013-இல் குழாயிலிருந்து கசிந்த எரிபொருள் வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில் ஏறியது. அது மாநகரம், மாற்றுத் தண்ணீர் லாரியில் வரும். மலைக்கிராமத்துக்கு எங்கிருந்து வரும்?

அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி அதிகாரிகள் வந்து சேர்வதற்குள் டீசல் பாறை வெடிப்புகளில் இறங்கிவிடும். ஆகவே முதல் ஒரு மணி நேரம் குவாரியின் கையில்தான் இருக்கிறது. அதற்கு வேண்டியதும் பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது. பொக்லைன் இருக்கிறது, கிரஷர் தூள் மலையாகக் குவிந்திருக்கிறது. வால்வை அடைத்து, சரிவின் கீழே தூளால் வரப்புக் கட்டி, தேங்காய் நார்த்தூளையோ மரத்தூளையோ கொட்டி உறிஞ்ச வைக்கலாம். ஊறிய மண்ணை அள்ளித் தார்ப்பாய் மீது வைத்து, மேலேயும் மூடி, அபாயக் கழிவாக அனுப்ப வேண்டும். அதை மூலையில் குவித்துவைத்தால் அடுத்த மழை மீண்டும் ஓடையில் சேர்த்துவிடும். மழைநீர் வெளியேறும் குழியில், நீர் அடியிலிருந்து போகும்படி குழாயை வளைத்துப் பொருத்தினால் மேலே மிதக்கும் எண்ணெய் குழிக்குள்ளேயே நிற்கும். பெரிய செலவில்லாத இந்த ஏற்பாடு ஏன் எல்லா குவாரிகளிலும் இல்லை என்பதே நம் கேள்வி.

பதிலின் ஒரு பகுதி சட்டத்தில் இருக்கிறது. 1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டப்படி, ஓரிடத்தில் மொத்தம் 2,500 லிட்டருக்கு மேற்படாமல், ஒரு கலனில் 1,000 லிட்டருக்கு மேற்படாமல் டீசல் வைத்திருக்க உரிமம் தேவையில்லை. தீ விபத்தை நினைத்து வகுத்த வரம்பு அது. கிணற்றைக் கெடுக்க ஒரு பேரலே போதும். ஆகவே மலைப்பகுதிக் குவாரிகளில் அளவு எதுவானாலும், கலனின் முழுக் கொள்ளளவையும் தாங்கும் தடுப்புத் தொட்டியும், உறிஞ்சும் பொருளும், பயிற்சி பெற்ற ஆளும் குத்தகையின் நிபந்தனையாக வேண்டும். மாநில அரசு தன் குவாரி அனுமதியிலேயே இதை எழுதலாம். மத்தியச் சட்டம் திருத்தப்படும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

சிறு குத்தகைதாரர்களுக்கு இது சுமை என்பார்கள். பக்கத்துக் கிராமத்துக்கு மாதக்கணக்கில் தண்ணீர் கொடுப்பதைவிடக் குறைவான சுமை. லாரியிலும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியிலும் பிழைக்கும் நாமக்கல் மாவட்டத்துக்கு டீசலைப் பத்திரமாகக் கையாளும் வித்தை புதிதும் அல்ல.

சிந்திய உடனே ஊராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் சொன்னவருக்கு அபராதத்தைக் குறைக்கலாம். மறைத்தவரின் குத்தகையை ரத்து செய்ய வேண்டும். தகவல் வந்த அன்றே கீழ்ச்சரிவுக் கிணறுகளில் குடிப்பதை நிறுத்தச் சொல்லி, குவாரியின் செலவில் குடிநீர் அனுப்ப வேண்டும். நீர்ப் பரிசோதனையை ஒருமுறையோடு முடிக்கக் கூடாது. பாறை வெடிப்பில் தங்கிய எண்ணெய் மழைக்காலத்தில் நீர்மட்டத்தோடு சேர்ந்து மேலே வரும். குறைந்தது அடுத்த வடகிழக்குப் பருவமழை முடியும்வரை சோதித்து, முடிவைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும்.