ஐந்து நட்சத்திரப் பிள்ளைகளும் ஆகஸ்டு மாத நம்பிக்கையும்



அமெரிக்கப் பல்கலைக்கழகக் காற்பந்தைப் பற்றித் தமிழாசிரியர் ஒருவருக்கு என்ன கவலை என்று நீங்கள் கேட்கலாம். அது நாம் காலால் உதைத்து ஆடும் காற்பந்தன்று; நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதும் முட்டி மோதுவதுமே அதில் மிகுதி. ஆயினும் அந்த ஆட்டத்தில் பதினாறு, பதினேழு வயது மாணவர்களுக்கு மதிப்பெண் இடுகிறார்கள். மதிப்பெண் என்ற சொல் காதில் விழுந்தால் ஆசிரியர் திரும்பிப் பார்க்காமல் இருப்பாரா?

அந்நாட்டில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுள் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் இவ்வாட்டத்தை ஆடுகின்றனர். முதல்நிலைப் பல்கலைக்கழகம் ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் அவர்களுள் இருபத்தைந்து பேர் அளவில் தேடிப்பிடித்து, உபகாரச் சம்பளம் தந்து சேர்த்துக்கொள்ளும். யார் எத்துணைத் திறமைசாலி என்று கணித்து நட்சத்திரம் வழங்குவதற்கென்றே ரைவல்ஸ், 247ஸ்போர்ட்ஸ் போன்ற நிறுவனங்கள் இயங்குகின்றன. ஐந்து நட்சத்திரமே உச்சம். அதைப் பெறுவோர் ஆண்டுக்கு முப்பது பேரளவில்தான். ஒப்பமிடும் நாள் முன்பு பிப்ரவரியில் வந்தது; 2017 முதல் டிசம்பரிலும் வருகிறது. மாணவர் தம் முன்னே மூன்று நான்கு பல்கலைக்கழகத் தொப்பிகளைப் பரப்பிவைத்து, ஒளிப்படக்காரர்கள் சூழ்ந்திருக்க, ஒன்றை எடுத்துத் தலையில் அணிவார். அந்த நொடியில் ஓர் ஊரில் திருவிழா. மற்ற ஊர்களில் இழவு வீட்டின் அமைதி.

இத்தனை ஆர்ப்பாட்டம் எதற்கு? ஆட்டப் பருவம் ஆகஸ்டு இறுதியில் தொடங்கிச் சனவரியில் முடிந்துவிடுகிறது. எஞ்சிய ஏழு மாதங்களில் பார்ப்பதற்கு ஆட்டமே இல்லை. தோல்வியும் இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். அந்த இடைவெளியில் இரசிகர்கள் உண்டு வாழ்வது நம்பிக்கையை. 2007 ஏப்ரலில், நிக் சேபன் அலபாமா பல்கலைக்கழகத்தின் பயிற்றுநராகப் பொறுப்பேற்ற புதிதில், வெறும் பயிற்சி ஆட்டம் ஒன்றைக் காண 92,000 பேர் திரண்டனர். இன்றைய புக்கிட் ஜாலில் அரங்கு கொள்ளாத கூட்டம் அது. அவ்வாண்டு அக்குழு களத்தில் கண்டது 7 வெற்றி, 6 தோல்வி. லூசியானா-மன்ரோ என்னும் சிறிய பல்கலைக்கழகத்திடமும் சொந்தத் திடலிலேயே தோற்றது. ஆயினும் 2009 ஆம் ஆண்டுப் பருவத்தில் அதே சேபனின் குழு தேசிய வெற்றியாளர் பட்டம் பெற்றது. அந்தத் தொண்ணூற்றிரண்டாயிரம் பேரையும் ஏமாளிகள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் வந்தது இரண்டாண்டு முன்கூட்டி, அவ்வளவுதான்.

கணக்குப் பார்த்தால் ஆகஸ்டு நம்பிக்கை தாங்காது. 1996 முதல் இவ்வாட்டத்தில் சமநிலை என்பதே கிடையாது. ஒருவர் வென்றால் மற்றவர் தோற்றே ஆகவேண்டும். ஆனால் ஆகஸ்டு மாதத்தில் எந்த ஊர் இரசிகரைக் கேட்டாலும் தம் குழு எட்டு ஆட்டங்களாவது வெல்லும் என்பார். நாளேட்டு எழுத்தாளர்களின் கணிப்பும் இதைவிடப் பெரிதாக வாழ்ந்துவிடவில்லை. 2012 இல் முதலிடத்தில் வைக்கப்பட்ட தென் கலிபோர்னியா 7-6 என முடித்தது. 2024 இல் பத்தாம் இடத்தில் தொடங்கிய புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் வென்றது இரண்டே ஆட்டங்கள், தோற்றது பத்து. இதனால் யாருக்கும் கேடில்லை. பெரியவர்கள் தம் மனமகிழ்ச்சிக்காகக் கட்டும் மணல்வீடு.

என் மனம் ஒப்பாதது, அந்த மணல்வீட்டின் பாரத்தைப் பிள்ளைகளின் தலையில் ஏற்றுவது.

2022 இல் டெக்சாஸ் ஏ&எம் பல்கலைக்கழகம் திரட்டிய புதுமுகங்களை, நட்சத்திரக் கணக்கு தொடங்கிய நாள்முதல் கண்டிராத மிகச் சிறந்த அணி என்று கொண்டாடினார்கள். அவ்வாண்டுச் செப்டம்பரிலேயே அப்பலேச்சியன் மாநிலப் பல்கலைக்கழகத்திடம் 17-14 எனத் தோல்வி. பருவ முடிவில் 5 வெற்றி, 7 தோல்வி. அந்தப் புதுமுகங்களுள் பலர் சில ஆண்டுகளில் வேறு பல்கலைக்கழகங்களுக்கு மாறிப்போயினர். பயிற்றுநர் ஜிம்போ பிஷர் 2023 நவம்பரில் நீக்கப்பட்டார். ஒப்பந்தப்படி அவருக்குச் சேரவேண்டிய தொகை 7 கோடியே 50 இலட்சம் டாலருக்கும் மேல். பிள்ளைகளுக்குக் கிடைத்தது ‘ஏமாற்றம்’ என்ற பெயர்.

நட்சத்திரக் கணக்கே பொய் என்று வாதிட நான் வரவில்லை. நான்கு, ஐந்து நட்சத்திர மாணவர்கள் பாதிக்கு மேல் நிறைந்த குழுக்களே நெடுங்காலம் பட்டம் வென்றுவந்தன. நூறு பேரைச் சேர்த்து எண்ணும்போது அந்த அளவுகோல் பெரும்பாலும் சரியாகவே சொல்கிறது. ஒரே ஒரு பிள்ளையிடம் கொண்டுபோனால்தான் தடுமாறுகிறது. நம் நாட்டில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021 இல் நீக்கப்படும்வரை, எல்லாப் பாடங்களிலும் ‘ஏ’ பெற்ற பிள்ளைகளின் படங்கள் நாளிதழில் அணிவகுத்த நாள்களை ஆசிரியர்கள் மறந்திருக்கமாட்டார்கள். படத்தில் இல்லாத பிள்ளைகள் பிற்காலத்தில் என்னவானார்கள் என்பதையும் அவர்களே நன்கறிவர்.

டேவிட் சில்ஸ் என்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். 2010 இல், பதின்மூன்றே வயதில், தென் கலிபோர்னியாவின் பயிற்றுநர் லேன் கிபின் அவருக்குக் குழுவில் இடம் தருவதாகச் சொல்ல, சிறுவரும் இசைந்தார். நாடே அதைப் பேசியது. பந்தெறியும் தலைமை ஆட்டக்காரராக வருவார் என்பது கணிப்பு. சில்ஸ் பல்கலைக்கழக வயதை எட்டுமுன்பே கிபின் நீக்கப்பட்டுவிட்டார். சில்ஸ் அப்பல்கலைக்கழகத்திற்குப் போகவே இல்லை. மேற்கு வர்ஜீனியாவில், பந்தை எறிபவராக அன்றி அதைப் பிடிப்பவராக ஆடி, 2017 இல் 18 முறை எல்லைக்கோட்டைக் கடந்தார்; அவ்வகையில் அவ்வாண்டு நாட்டிலேயே அவரை மிஞ்சியவர் இல்லை.

இன்று இரசிகர்கள் வேறு நியாயம் பேசுகிறார்கள். 2021 முதல் மாணவர்கள் தம் பெயரையும் படத்தையும் கொண்டு பணம் ஈட்டலாம். 2025 முதல் பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் தரலாம். ‘காசு வாங்குகிறானே, திட்டினால் என்ன?’ என்பது அவர்கள் கேள்வி. பணம் வாங்குவது நேர்மையே. அவர்கள் உழைப்பில் மற்றவர்கள் பல்லாண்டு கொழுத்தார்கள். ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளை ஒரு பந்தைத் தவறவிட்டதற்காக இரவெல்லாம் வசைபாடும் உரிமை அந்தப் பணத்தோடு விற்கப்படவில்லை.

அதே 2025 உடன்பாட்டில் இன்னொரு விதியும் உண்டு. அதைப் பற்றி ஆகஸ்டுக் கொண்டாட்டங்களில் அதிகம் பேச்சில்லை. அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களின் குழுவில் இனி 105 பேருக்கு மேல் இருக்கலாகாது. உபகாரச் சம்பளமின்றித் தாமாக வந்து, ஓரத்தில் நின்று பயின்று வாய்ப்புக்குக் காத்திருக்கும் மாணவர்களுக்கு இதனால் இடம் சுருங்குகிறது. அவ்வாறு வந்து சேர்ந்தவர்தான் 2017 இல் நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதை வென்ற பேக்கர் மேபீல்டு. அவ்வாறு வந்தவர்தான் ஜார்ஜியா பல்கலைக்கழகத்திற்கு 2021, 2022 ஆகிய இரு பருவங்களிலும் பட்டம் வாங்கித் தந்த ஸ்டெட்சன் பென்னட். முதன்முதலாக அவர் ஜார்ஜியாவுக்கு வந்தபோது மேசைமேல் எந்தத் தொப்பியும் இல்லை.