'தமிழன்' பத்திரிகையும் சைவர் கடமையும்

ஒடுக்கப்பட்டோர் உரிமைக்காகப் பத்திரிகை நடத்திய பெரியார்களைப் பற்றிய பேச்சு எழுந்துழியெல்லாம், நம்மவருட் சிலர் முகஞ் சுளித்து மூன்று குற்றங் கூறுவர். அவர் பத்திரிகைகள் மக்களுள் பிளவை வளர்த்தன என்பது ஒன்று. அவற்றின் தமிழும் சொற்பொருளாராய்ச்சியும் கற்றோர் ஏற்குந் தகையன அல்ல என்பது மற்றொன்று. அவருள் தலையாய அயோத்திதாச பண்டிதர் பௌத்தராய்ச் சைவத்தை இகழ்ந்தமையின், அவரைப் பற்றிச் சைவ நன்மக்கள் சிந்தித்தல் வேண்டா என்பது மூன்றாவது. இக்கூற்றுக்கள் செவிவழியாக உலவுவனவேயன்றி, அப்பத்திரிகைகளைக் கண்ணாற் கண்டு கூறப்படுவன அல்ல. ஆதலின் இவற்றை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் நிகழ்ந்தது இன்னதென்று அறிதல் வேண்டும். 1893-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் 'பறையன்' என்னும் பெயரால் ஒரு பத்திரிகை தொடங்கினார். நான்கு பக்கம், விலை இரண்டணா, முதலில் மாதவெளியீடு, சின்னாட்களில் வாரவெளியீடு. பின்னர்ச் சொந்த அச்சுக்கூடமும் அமைத்து, 1900 வரை அதனை நடத்தினார். அவதூறு வழக்கொன்றில் நூறு ரூபாய் தண்டமும் இறுத்தார். இந்திய சிவில் சர்வீஸ் தேர்வை இந்நாட்டிலும் நடத்துக என்று காங்கிரஸார் கேட்டபொழுது, அதனால் உயர்சாதியாரே அதிகாரம் பெறுவர் என்று கூறி, 3,412 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பச் செய்தவரும் அவரே.

அவருடைய மைத்துனர் அயோத்திதாசர். 1845-இற் பிறந்த இவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தம் ஆசிரியராகிய வல்லக்காளத்தி அயோத்திதாச கவிராஜ பண்டிதரிடத்துக் கொண்ட பத்தியால் அவர் பெயரையே தம் பெயராக்கிக் கொண்டார். குருபத்தி இன்னதென்று நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதின்று. அதனைப் பெயரிலேயே சுமந்து வாழ்ந்தவரைத் தமிழறியாதார் என்று இகழ்வோர் சற்றே நாணுக. சித்த மருத்துவமும் தமிழ்நூற் பயிற்சியும் உடைய இப்பெரியார் 1907-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வாரப் பத்திரிகையை வெளியிட்டார். விலையே பெயராயிற்று. அக்காலத்து ஒரு ரூபாய்க்கு அறுபத்துநான்கு பைசா. கூலியாள் ஒருவன் தன் வெற்றிலைச் செலவைச் சுருக்கி வாங்கத்தக்க விலையை நெற்றியில் எழுதிக்கொண்டு வந்த பத்திரிகை அது. ஓராண்டு கழிந்தபின் 'தமிழன்' என்று பெயர் சுருங்கி, 1914 மே மாதத்தில் அவர் காலமாகும் வரை அவர் கையால் நடைபெற்றது. கோலார் தங்கவயலிலும் கடல்கடந்த நாடுகளிலும் அதனைப் படிப்போர் இருந்தனர். பின்னாளில் அத்தங்கவயலிலேயே ஜி. அப்பாதுரையார் அப்பெயரால் மீண்டும் பத்திரிகை நடத்தினார்.

பெயர் பற்றி ஒன்று கூறிச் செல்வாம். மைத்துனர் இருவர்க்கும் இதிற் கருத்து வேற்றுமை இருந்தது. உலகம் எச்சொல்லை இழிசொல்லாக எறிந்ததோ அச்சொல்லையே கொடியாக உயர்த்திக்கொண்டு முன்வந்தாலன்றி உரிமை கிட்டாது என்பது சீனிவாசன் கொள்கை. அப்பெயர் பகைவர் இட்டது, அதனை நாம் ஏற்றல் தகாது, 'சாதிபேதமற்ற திராவிடர்' என்று வழங்குதலே உண்மையாம் என்பது அயோத்திதாசர் கொள்கை. இவருள் எவர் கூற்று வலியுடைத்து? யாம் அயோத்திதாசர் பக்கமே சாய்வோம். 'தமிழன்' என்னும் பெயருக்குள் சாதி புக வழியில்லை. அதனைத் தம் பத்திரிகைக்கு இட்டவர், தமிழர் என்போர் யாவர் என்னும் வினாவை வாரந்தோறும் எழுப்பினார். சேரிக்குப் புறத்தே வாழ்ந்தோர் அவ்வினாவைச் செவிமடுத்திலர். ஆயினும் சீனிவாசன் துணிவையும் குறைத்து மதித்தல் ஆகாது. அப்பெயரைத் தாங்கிய தாளைக் கையிலேந்தி வீதியில் விற்றல் 1893-இல் எத்துணை நெஞ்சுரம் வேண்டிய செயல் என்பதை எண்ணிப் பார்க்க.

இனி முதற்குற்றத்தை ஆராய்வாம். பத்திரிகை பிளவை வளர்த்தது என்பார்க்கு யாம் வினவுவது இது: கிணறு இரண்டாக இருந்தது பத்திரிகை பிறந்த பின்னரோ, முன்னரோ? வீதி விலக்கப்பட்டதும், பள்ளிக்கூடம் மறுக்கப்பட்டதும் 'தமிழன்' அச்சேறிய பின்னரோ? நாடி பிடித்து நோயின் பெயரைச் சொன்ன மருத்துவனை நோக்கி, நோயை உண்டாக்கினவன் நீயே என்று வழக்காடுதல் போலும் இது. பொதுவான பத்திரிகைகளுக்கு எழுதியிருக்கலாகாதோ எனின், அப்பத்திரிகைகள் எவர் கையில் இருந்தன என்பதை நோக்குக. பம்பாயில் அம்பேத்கர் 1920 ஜனவரி 31-இல் 'மூக்நாயக்' தொடங்கியபொழுது, கூலி பெற்றுக்கொண்டு அதன் விளம்பரத்தை வெளியிடவும் 'கேசரி' இசைந்திலது என்று அவர் வரலாறு எழுதினோர் குறித்துள்ளனர். விளம்பரத்திற்கே இடமில்லாத தாளில் வழக்குரைக்க இடம் எங்கிருந்து வரும்? 'மூக்நாயக்' என்பதற்கு ஊமைகளின் தலைவன் என்பது பொருள். அப்பத்திரிகைக்குக் கோலாப்பூர் அரசர் சாகு மகராஜர் பொருளுதவினார். அதற்கு இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன்னரே தமிழ்நாட்டில் அரசர் துணையின்றி இத்தொழில் தொடங்கப்பட்டது என்பதை நம்மவருட் பலர் அறியார்.

இரண்டாங் குற்றத்தில் ஓரளவு உண்மையுண்டு. அதனை மறைத்தல் எம் கருத்தன்று. திருக்குறளைத் திரிபிடகத்தோடு இயைத்துத் 'திரிக்குறள்' என்று அவர் கொண்டதும், நந்தனைப் பௌத்த மன்னன் என்று வரைந்ததும், 'இந்திரர் தேச சரித்திரம்' என்று தொடராக எழுதியதிற் பலவும் எமக்கு உடன்பாடல்ல. ஆதீனப் பாடசாலையில் நன்னூல் விருத்தியும் சிவஞான சித்தியாரும் பாடங் கேட்ட எம்போன்றார், அவர் சொற்பகுப்புக்களை வரிவரியாக மறுத்தல் கூடும். ஆயின், மறுத்தற்கும் ஒரு முறையுண்டு. பிறர் மதங்களை அவர் கூறுமாறே எடுத்துரைத்த பின்னரே மறுத்தல் வேண்டும் என்பது நம் சாத்திர மரபு. சிவஞான சித்தியார் பரபக்கத்தில் பௌத்த மதத்தை அருணந்தி சிவாசாரியார் முறைப்பட எடுத்துரைத்துப் பின்னரே மறுத்தார். பேர் சொல்லாது புறக்கணித்தாரல்லர். நாம் செய்தது யாது? 1914-இல் மறைந்தவர் எழுத்து, ஞான. அலாய்சியஸ் தொகுக்க 1999-இல் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்று பாளையங்கோட்டையிலிருந்து இரண்டு தொகுதிகளாக வெளிவரும் வரை, எண்பத்தைந்து ஆண்டுகள் பொதுமக்கள் கைக்கு எட்டாது கிடந்தது. பழைய இதழ்களைப் பேணிக் காத்தவர் அன்பு பொன்னோவியம் முதலிய அவ்வழி வந்தோரே. ஏட்டுச்சுவடி ஒன்று செல்லரித்ததெனக் கேட்பின் உள்ளம் பதறும் புலவர் பெருமக்கள், அச்சிட்ட தமிழ்ப் பத்திரிகை ஒன்று அழிவதை ஓராது வாளாவிருந்தனர். தம் பாட்டனார் கந்தப்பன் வைத்திருந்த குறட்சுவடி எல்லிஸ் துரைக்குக் கிடைத்த செய்தியையும் அயோத்திதாசர் எழுதியுள்ளார். சுவடி காத்தோர் வழியில் வந்தவருடைய எழுத்தைக் காப்பார் நம்முள் இலராயினர்.

அவர் ஆங்கில அரசைப் புகழ்ந்தார், சுதேசியத்தை இகழ்ந்தார் என்று வேறு சிலர் கூறுவர். உண்மையே. தண்ணீர் எடுக்க விடாதாரே சுயராச்சியமும் கேட்டபொழுது அவருக்கு ஐயம் எழுந்தது. இது பற்றி இவ்வளவே அமையும்.

மூன்றாங் குற்றமே நமக்கு இன்றியமையாதது. அவர் சைவத்தை விடுத்துப் பௌத்தராயினார் என்பர். ஆயினார், 1898-இல் இலங்கைக்குச் சென்று பஞ்சசீலம் ஏற்று மீண்டு, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் நிறுவினார். ஏன் ஆயினார் என்று எவரேனும் வினவியதுண்டோ? அதற்கு விடை அவர் பத்திரிகையிலேயே உளது. 1892-இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்திற்குச் சென்ற அவர், தம்மவர் ஆலயத்துட் புகுதல் ஏன் மறுக்கப்படுகின்றது என்று வினவினார். அவையிலிருந்த ஒரு சாஸ்திரியார் எழுந்து, மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணனுமே உங்களுக்குரிய தெய்வங்கள், சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு உரியரல்லர் என்று விடையிறுத்தனராம். அங்ஙனமாயின் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டா, எம் சிறுவர்க்குக் கல்வியும் எம்மவர்க்குத் தரிசு நிலமும் கிடைக்கச் செய்க என்று இவர் கூறி அமர்ந்தனராம். சபையோர் கல்விக்கும் நிலத்திற்கும் இசைந்தனர், ஆலயத்திற்கு இசைந்திலர். இதனை ஆண்டுகள் பல கழிந்தபின் 'தமிழ'னில் அவரே எழுதி வைத்தார். அப்பத்திரிகை இல்லையேல் அவ்வினாவும் அவ்விடையும் அக்கூட்டத்தோடே ஒழிந்திருக்கும்.

சைவ நன்மக்களே! சிவன் உமக்குரியனல்லன் என்று ஒரு மனிதனை நோக்கிக் கூற எந்த ஆகமம் எவர்க்கு அதிகாரம் அளித்தது? அடியார் வேடத்தைக் கண்டால் அரனெனவே தொழுக என்பது சிவஞானபோதத்தின் முடிந்த முடிபு. திருநாளைப்போவாரையும் திருநீலகண்ட யாழ்ப்பாணரையும் அறுபத்துமூவருள் வைத்துப் பூசை செய்கின்றோம். செப்புத் திருமேனியாக அவர் உள்ளே எழுந்தருள, அவர் குலத்தார் கோபுர வாயிலுக்கு அப்பால் நிற்றல் எந்த நியாயத்தின்பாற் படும்? சாதியாசாரத்திற்கு வசனங் காட்டுவார் காட்டுக. அவ்வசனங்கள் வழிபாட்டுக்குப் புறம்பாக ஓரடியானை நிறுத்துமாயின், அவை சித்தாந்தத்தின் கருத்துக்கு மாறாம் என்பதில் எமக்கு ஐயமில்லை.

1892-இல் எழுந்த அவ்வினாவிற்கு மதுரை மீனாட்சியம்மை ஆலயத்தில் செயலளவில் விடை கிடைத்தது 1939 ஜூலை 8-இல். இடையே நாற்பத்தேழு ஆண்டுகள். அவ்வாண்டுகளிலேதான் 'சித்தாந்த தீபிகை' 1897-இலும், மறைமலையடிகளின் 'ஞானசாகரம்' 1902-இலும் தோன்றின. சித்தாந்தம் தழைத்தது என்று நாம் பெருமையோடு எண்ணுங் காலம் அது. 'பறைய'னும் 'தமிழ'னும் அதே காலத்தில், அதே சென்னையில் அச்சேறின. இரு திறத்துப் பத்திரிகைகளும் ஒரே தெருக்களில் விற்கப்பட்டிருத்தல் கூடும். ஆயினும் சைவப் பத்திரிகைகளின் வரலாறு பேசுவார் 'தமிழ'னைக் குறிப்பதிலர். குறிப்பின், மதநிந்தகர் என்று ஒரு சொல்லால் தள்ளுவர்.

அயோத்திதாசர் நம்மை 'வேஷப் பிராமணர்' வலைப்பட்டோர் என்று வைதாரே எனின், வைதார்; கடுமையாகவே வைதார். வாயில் அடைக்கப்பட்டவன் வெளியே நின்று கூவும் குரலில் இசை நயம் தேடுவாருளரோ? அவரை மறுத்து எழுத வல்ல புலவர் இன்றும் நம்மிடையே பலர் உளர். அவர் தொகுதிகளை வாங்கிப் படித்து, சொல்லாராய்ச்சியை மறுக்க. நந்தனார் வரலாற்றை மறுக்க. திரிபிடக வாதத்தையும் மறுக்க. ஆயின் அவற்றுக்கெல்லாம் முன்னர், மகாஜன சபையில் அவர் எழுப்பிய வினாவிற்குச் சைவர் என்ற முறையில் தம் விடை யாதென எழுதிவிட்டு மறுக்க.